கடைசியில ஒரு குசுகுசுப்பு

தலைய ஆட்டாதீங்க பாஸ்டர், கத்தி கழுத்துல இருக்கு. ஆமாவா இல்லையான்னு கண்ணாலயே சொல்லுங்க, கண்ணாடில எனக்குத் தெரியும். பொறாமை பாவம்னு எனக்கும் தெரியும், நான் அதைக் கேக்கல. ஒரு மனுஷன் கடவுள்மேல பொறாமைப்படலாமா கூடாதா, அதுதான் கேட்டேன். அவரோட சொர்க்கத்துமேல எல்லாம் இல்ல. அதை அவரே வெச்சுக்கட்டும். என் பொண்டாட்டி விஷயத்துல மட்டும்.

பாத்தீங்களா, சிரிக்கறீங்க. சிரிச்சா கன்னம் மடியும், மடிஞ்ச எடத்துல வெட்டு விழும். அப்புறம் ஞாயித்துக்கிழமை பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு நின்னு பிரசங்கம் பண்ணுவீங்க, கேக்கறவங்ககிட்ட எல்லாம் என் கடையக் கை காட்டுவீங்க. சும்மா இருங்க கொஞ்ச நேரம்.

நீங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்னுதான பாக்கறீங்க? தெருக்கோடி சர்ச்சுக்குப் புதுசா ஒருத்தர் வந்திருக்காருன்னு நீங்க பொட்டியப் பிரிக்கறதுக்கு முன்னாடியே இங்க சொல்லிட்டாங்க. சலூன்ல தெரியாத சேதி உண்டா? உங்களுக்கு முன்னாடி இருந்த பாஸ்டரும் இந்த நாற்காலிலதான் உக்காருவாரு. அவருக்கு வெட்டறதுக்கு ஒன்னும் இருக்காது, பாவம், ரெண்டு காதோரமும் கொஞ்சம் பஞ்சு மாதிரி. மரியாதைக்காக அதையே ரொம்ப நேரம் வெட்டுவேன். அவருகிட்டயும் இதே கேள்வியக் கேட்டேன். தூங்கிட்டாரு.

ரேடியோவா? அலமாரிமேல இருக்கே, அதான். இப்பல்லாம் போடறதில்ல. ரிப்பேர் எல்லாம் இல்ல, நல்லாத்தான் பாடும். போடறதில்ல, அவ்வளவுதான்.

மோவாயைத் தூக்குங்க. அப்படித்தான்.

இந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி சுவரு ஒரு செங்கல் கனம்தான். அந்தப் பக்கம் எங்க வீட்டு சமையக்கட்டு. சிங்க் சரியா இந்தக் கண்ணாடிக்கு நேரா வருது. நான் இங்க நின்னு ஊர்ல இருக்கறவன் மூஞ்சியெல்லாம் மழிச்சிட்டிருப்பேன், அவ அந்தப் பக்கம் நின்னு பாத்திரம் கழுவிட்டிருப்பா. நடுவுல சுவரு மட்டும் இல்லைன்னா நாங்க ரெண்டு பேரும் நாள் பூரா மூஞ்சிய மூஞ்சி பாத்துட்டுத்தான் நிப்போம்.

காலைல நான் கடையத் தெறந்து தரையக் கூட்டுவேன். அந்தப் பக்கம் குழாய் சத்தம் கேக்கும். உடனே ஆரம்பிச்சிடுவா. தண்ணிக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே. வெந்நிக்கு ஸ்தோத்திரம். ஜன்னல்ல வெளிச்சம் வந்துடுச்சு, ஸ்தோத்திரம். முட்டி இன்னிக்கு மடங்குது, ஸ்தோத்திரம். பக்கத்து வீட்டு நாய் ராத்திரி தூங்கவிட்டுச்சு, அதுக்கும் ஒரு ஸ்தோத்திரம். நாய் என்னமோ அவரு சொல்லித்தான் வாய மூடின மாதிரி. நடுநடுவுல சிரிப்பு வேற. கதை கேட்டுக்கிட்டே வேலை செய்யறவங்க சிரிப்பாங்களே, அந்தச் சிரிப்பு. நான் இந்தப் பக்கம் தொடப்பத்தோட நின்னுக்கிட்டு, என்னய்யா அப்படி சொல்லிட்டாரு அந்த ஆளுன்னு வயிறு எரிஞ்சிட்டிருப்பேன்.

முன்னாடி அவ இப்படி இல்ல பாஸ்டர். கல்யாணமான புதுசுல அவ வாயத் தெறந்தா தெருவே ஒதுங்கும். என்னைத் திட்டறதுல அவளுக்கு ஈடே கிடையாது. துண்டைக் கட்டில்மேல போட்டா திட்டு. லேட்டா வந்தா திட்டு. சீக்கிரம் வந்தா, ஏன், கடைக்கு ஆளே வரலையான்னு அதுக்கும் திட்டு. ஆனா ஒன்னு பாருங்க, அத்தனையும் எனக்கு. வேற எங்கயும் போகல. அப்புறம் ரொட்டிக் கம்பெனில பாக்கெட் போடற வேலைக்குப் போனா. கூட வேலை செய்யற அம்மா ஒருத்தங்க ஒரு ஞாயித்துக்கிழமை உங்க சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஆளே மாறிட்டா. எனக்குச் சந்தேகம் வந்து ஒரு நாள் ஈரத் துண்டைக் கட்டில்மேல போட்டேன். வேணும்னே போட்டேன். எடுத்துக் கொடில காயப்போட்டுட்டு, பாடிக்கிட்டே போயிட்டா. வந்துட்டிருந்த திட்டு நின்னுபோச்சு, அதுக்குப் பதிலா வந்த பாட்டு எனக்கில்ல. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க?

நாக்கால கன்னத்தை உள்ளயிருந்து தள்ளுங்க. ம்.

இந்தக் குழாய் கதையச் சொல்றேன் கேளுங்க. அந்த சிங்க் குழாய் ஒழுகிட்டே இருந்துச்சு. ஒரு நாள் கடையச் சாத்திட்டு, படுத்து, பொரண்டு, கையெல்லாம் சிராய்ச்சுக்கிட்டு நான் சரி பண்ணேன். கைல ஸ்பேனரோட நிக்கறேன். அவ வந்து தெறந்து பாத்தா. தண்ணி அழகா விழுது. மூடினா. ஒரு சொட்டு இல்ல. முகமெல்லாம் மலர்ந்துபோச்சு. ஸ்தோத்திரம் ஆண்டவரேன்னா. எனக்கு எதிர்லயே. அவரா வந்து சிங்க்குக்கு அடில படுத்தாரு?

இன்னொரு நாள் பேய் மழை. அவ குடை எடுத்துட்டுப் போகலையேன்னு, நாற்காலில பாதி வெட்டின தலையோட ஒருத்தரை உக்காரவெச்சுட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். என்னைப் பாத்ததும் என்ன சொன்னா தெரியுமா? இப்பத்தாங்க நெனச்சேன், குடை இருந்தா நல்லாயிருக்குமேன்னு. உடனே அனுப்பிட்டாரு பாருங்க. அனுப்பிட்டாராம். நான் என்ன அவரு வெச்சிருக்கற எடுபிடியா? அவ குடைக்குள்ள என்னை ஒட்டிக்கிட்டு நடந்து வரா, மழைக்கும் ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டே.

நான் தங்கம் கேக்கல, வைரம் கேக்கல. என் மூஞ்சியப் பாத்து, நீங்க இருக்கறது எனக்கு நல்லாயிருக்குங்கன்னு ஒரு வார்த்தை. இத்தனை வருஷத்துல அந்த ஒன்னுதான் எனக்கு வேணும்னு கெடந்தேன். அவரு எத்தனை வாங்கறாரு ஒரு நாளைக்கு. அதுல ஒன்னு எனக்கு வந்தா அவருக்கு என்ன கொறஞ்சிடும்?

அதுவா? டொக்கு டொக்குன்னு கேக்குதே, அதுதான? ஒன்னுமில்ல. சும்மா. அப்புறம் சொல்றேன். நீங்க இந்தப் பக்கம் திரும்புங்க.

அவளா? உங்க சர்ச்சுக்குத்தான் வருவா. நீங்க பாத்திருக்க முடியாது. இருங்க, அதுக்குத்தான் வரேன்.

ஒரு தடவை நானும் வந்திருக்கேன் அங்க. சாமி கும்பிட இல்ல, ஆளப் பாக்க. கடைசி பெஞ்சுல, தூணுக்குப் பின்னாடி உக்காந்தேன். சாட்சி சொல்ற நேரம்னு சொன்னாங்க. இவ எழுந்து நின்னா. என்ன பெரிய அற்புதம் சொல்லப்போறான்னு பாத்தா, குழம்பு தீஞ்சுபோன கதையச் சொல்றா. அடுப்புல வெச்சுட்டு மறந்துட்டாளாம், அடிப்பிடிச்சுதாம், என் வீட்டுக்காரரு ஒன்னும் சொல்லாம சாப்ட்டாரு, அவருக்கு அந்தப் பொறுமையக் குடுத்தாரே ஆண்டவரு, அவருக்கு ஸ்தோத்திரம்ங்கறா. எல்லாரும் சிரிக்கறாங்க, கை தட்டறாங்க. அவ மூஞ்சிய அப்பத்தான் பாத்தேன். அந்த மூஞ்சிய வீட்ல நான் பாத்ததே இல்ல பாஸ்டர். சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் அந்த மூஞ்சியோடதான் நிக்கறா போல, நான்தான் பாக்கல. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சரி, இத்தனைக்கும் காரணமான ஆளு யாருன்னு முன்னாடி பாத்தா, ஒரு மரச் சிலுவை. அதுல ஆள்கூட இல்ல. நான் யார்கூடப் போய் மல்லுக்கட்டறது? ஒரு மனுஷனா இருந்தா என்னிக்காவது இந்த நாற்காலிக்கு வந்துதான ஆகணும். கிருதாவக் கோணலா வெட்டி விட்டிருப்பேன்.

சிரிக்காதீங்கன்னு சொன்னேன்ல.

அந்தக் குழம்பு நல்லாவே இல்ல. சாப்ட்டது நான். பொறுமை என்னுது. பேரு அவருக்கு.

அப்புறம் ரொட்டிக் கம்பெனிய மூடிட்டாங்க. அன்னிக்கு அவ ஏப்ரனை மடிச்சுப் பைக்குள்ள வெச்சுட்டு வந்தா. எனக்கு மத்தியானமே சேதி தெரிஞ்சுபோச்சு. சொன்னா நம்ப மாட்டீங்க, எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். இன்னிக்கு அழுவா, நான்தான் தேத்தணும்னு. என்னென்ன சொல்லணும்னு யோசிச்சே வெச்சிருந்தேன், நல்ல நல்ல வார்த்தையா. வந்தா. மூஞ்சி கழுவினா. சிங்க் பக்கத்துல ரொம்ப நேரம் நின்னா. திரும்பினப்ப கண்ணு செவந்திருக்கு, ஆனா முகம் தெளிஞ்சிருக்கு. அழறதுக்கும் அவர்கிட்டயே போயிட்டா. நான் யோசிச்சு வெச்ச வார்த்தையெல்லாம் எனக்குள்ளயே கெடந்து வீணாப்போச்சு. மறுநாள் காலைல குழாயத் தெறந்து, கைல இன்னும் ரொட்டி வாசனை போகல ஆண்டவரே, ஸ்தோத்திரம்ங்கறா.

கோவத்துல போய்க் கேட்டேன். உனக்குப் பயமே இல்லையாடின்னு. இருக்குங்க, நெறைய இருக்குன்னா. காலைல முதல் வேலையா பயத்தை அவர்கிட்ட குடுத்துடுவேன், மிச்சம் என்ன இருக்குன்னு பாப்பேன், சொல்லச் சொல்ல வந்துக்கிட்டே இருக்கும், நிறுத்தவே முடியாதுன்னா. நான் குடுக்காததை அவரு என்ன குடுத்துட்டாருன்னு கேட்டேன். நீங்க குடுக்கறதையும் அவருதாங்க குடுக்கறாருன்னா. சொல்லிட்டு என் சட்டைக் காலரைச் சரி பண்ணிவிட்டா. இதுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?

மேல் உதட்டை இழுத்துப் புடிங்க. மெதுவா.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம் பாஸ்டர். எனக்குத் தாங்காத எடம் ஒன்னு இருக்கு. எல்லாத்தையும் சத்தமா சொல்லுவா, தண்ணி, வெளிச்சம், முட்டி, நாய். கடைசில, கைய எல்லாம் தொடைச்சதுக்கப்புறம், குரல் எறங்கிடும். குசுகுசுன்னு ஏதோ சொல்லுவா. ஒரே ஒரு விஷயம்தான் இருக்கும்போல, சின்னதா. தினமும் சொல்லுவா. ஒரு வார்த்தை புரியாது. ஊருக்கே கேக்கற மாதிரி நாய்க்கு நன்றி சொல்றவ, இதை மட்டும் ஏன் ரகசியமா சொல்லணும்? புருஷன் இந்தப் பக்கம் நிக்கறான்னு தெரியும்ல? எனக்கு அந்தக் குசுகுசு ஆரம்பிச்சாலே உடம்பெல்லாம் எரியும். சுவத்துல காதை வெச்சுக் கேக்கறதுக்கு மானம் எடம் குடுக்கல. எட்டி ரேடியோவப் போட்டுடுவேன். சத்தமா. வர்றவன் எல்லாம் என்னய்யா காலங்காத்தால இப்படி அலறவிடறேம்பான். பாட்டு புடிக்கும்யான்னு சொல்லுவேன்.

அன்னிக்கும் அப்படித்தான் போட்டேன். குரல் எறங்கிச்சு, நான் ரேடியோவைத் திருகிட்டேன். நாற்காலில ஒரு வாத்தியாரு உக்காந்திருந்தாரு, ஒரு பக்கம் மழிச்சாச்சு, இன்னொரு பக்கம் நுரை. அவருதான் சொன்னாரு, உள்ள ஏதோ விழுந்த மாதிரி இருக்கேன்னு. பாத்திரமா இருக்கும் சார்னேன். இல்ல, கனமா விழுந்துச்சுன்னாரு. அப்பத்தான் ரேடியோவ நிறுத்தினேன். குழாய் மட்டும் ஓடிட்டிருக்கு.

ஆமா பாஸ்டர். பக்கவாதம். நீங்க இங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. வலது கை வராது, காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பா. பேச்சு போச்சு. எல்லாம் புரியுது, நான் பொய் சொன்னாக்கூடக் கண்டுபுடிச்சிடறா, வாய்தான் வரல. வரும், ஆனா நாளாகும்னு டாக்டர் சொல்றாரு. வராமலும் போகலாம்னு அவரு சொல்லல, மூஞ்சி சொல்லுச்சு.

நீங்க உக்காருங்க. எழுந்திருக்காதீங்க, இன்னும் கழுத்து பாக்கி இருக்கு.

கேவலமா ஒன்னு சொல்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க. ஆஸ்பத்திரிலேர்ந்து கூட்டிட்டு வந்தப்ப, பாவி, எனக்குள்ள ஒரு மூலைல என்ன தோணுச்சுன்னா, அவளோட ஆண்டவரு விட்டுட்டாரு பாத்தியா. இனிமே ஊட்டறவன் நான், தலை வாரறவன் நான், எல்லாம் நான். ஜெயிச்சுட்டேன்னு. ஒரு ரெண்டு மூணு நாளு அந்த நெனப்புலயே சுத்திட்டிருந்தேன். அப்புறம் ஒரு காலைல கூட்டிட்டிருக்கேன், குழாய் சத்தம் கேக்குது. போய்ப் பாத்தா, தட்டுத்தடுமாறி எழுந்து வந்து சிங்க்கைப் புடிச்சுட்டு நிக்கறா. தண்ணி ஓடுது. ஜன்னலப் பாக்கறா. உதடு அசையுது, ஒரு பக்கம் மட்டும். ஒன்னும் வரல. மறுபடியும் பாக்கறா. வரல. கண்ணுலேர்ந்து கொட்டுது. கை கால் விழுந்ததுக்கு அழாதவ பாஸ்டர், இதுக்கு அழுதா. வீடு அப்படி ஒரு நிசப்தமா இருந்துச்சு. இத்தனை வருஷமா எரிச்சல்பட்டேனே, அந்தச் சத்தம் இல்லாம எனக்கு மூச்சு முட்டுது.

என் வாய் தானா வந்துச்சு. தண்ணிக்கு ஸ்தோத்திரம்னேன். யாருக்குச் சொன்னேன்னு கேக்காதீங்க. அவரு பேரை நான் சொல்லல, ஆண்டவரே கீண்டவரே எல்லாம் வரல, மொட்டையாத்தான் சொன்னேன். அவ திரும்பிப் பாத்தா. வெந்நிக்கு ஸ்தோத்திரம்னேன். ஜன்னலுக்கு, நாய்க்கு. அதான் வருஷக்கணக்கா சுவரு வழியாக் கேட்டது, மனப்பாடமா வருது. முட்டிக்குன்னு சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அவ இடது கையால ஸ்பூனை எடுத்துப் பாத்திரத்துல டொக்குன்னு தட்டினா. சொல்லு, அதையும் சொல்லுன்னு. ஒரு கால் மடங்குதுல்ல, அதுக்கு.

அன்னிலேர்ந்து தினமும் அதான் நடக்குது. நான் நின்னு சொல்லுவேன், அவ கண்ண மூடிக் கேப்பா. எதையாவது விட்டுட்டேன்னா டொக்கு. அவசரமா சொன்னா டொக்கு. புதுசா ஏதாவது சேத்துக்கணும்னா டொக்குடொக்குன்னு தட்டி எதையாவது காட்டுவா. அந்தச் சத்தம்தான் நீங்க கேட்டது. நான் நம்பறேனா இல்லையான்னு கேட்டா எனக்கே தெரியல. கையெழுத்துப் போடத் தெரியாதவங்களுக்கு நாம எழுதிக் குடுக்கறோம்ல, அப்படின்னு வெச்சுக்கறேன். ஆனா ஒன்னு, சொல்லிச் சொல்லி எனக்கும் கண்ணு அதுல போகுது. நேத்து கடையத் தெறக்கறேன், வெளிச்சம் இந்தக் கண்ணாடில வந்து விழுது. நல்லாயிருக்கேன்னு நின்னுட்டேன். எனக்கு இதெல்லாம் பழக்கமே இல்ல.

ஆனா தினமும் ஒரு சிக்கல். எல்லாத்தையும் முடிச்சு, அவ கையத் தொடைச்சுவிட்டு நான் கெளம்புவேன். டொக்கு. என்னடின்னு திரும்புவேன். ஸ்பூனை என் நெஞ்சுக்கு நேரா நீட்டுவா. சட்டைல ஏதோ ஒட்டியிருக்குன்னு நெனச்சு நான் தட்டிவிட்டுக்குவேன். மறுநாளும் நீட்டுவா. பட்டன் மாத்திப் போட்டிருக்கேன்போலன்னு சரி பண்ணிக்குவேன். இல்லைன்னு தலைய ஆட்டுவா. கோவமா வேற பாப்பா. மக்கு மக்குன்னு பழைய திட்டு எல்லாம் அந்தக் கண்ணுல இருக்கும்.

இன்னிக்குக் காலைலதான் பாஸ்டர் புரிஞ்சுது. ஸ்பூனால இங்க, என் நெஞ்சுல வெச்சே அழுத்திட்டா. வெச்சுட்டு, சுவத்தைக் காட்டினா. சுவத்துக்கு அந்தப் பக்கம் ரேடியோ இருக்கற எடத்தை. நான் கேட்டேன், கடைசில குசுகுசுன்னு ஒன்னு சொல்லுவியே, அதுவா? கண்ண மூடித் தெறந்தா. தினமுமான்னு கேட்டேன். அதுக்கும் கண்ணாலயே ஆமாங்கறா. நான் இந்தப் பக்கம் எரிஞ்சுட்டு ரேடியோவத் திருகிட்டிருந்தேன். எனக்குக் கேட்டுட்டா தனக்கு வெக்கமாயிருக்கும்னு அவ அந்தப் பக்கம் மெதுவாச் சொல்லிட்டிருந்திருக்கா.

இருங்க, கண்ணுல ஏதோ முடி விழுந்துடுச்சு. சலூன்ல இது ஒரு தொல்லை.

அப்பவும் பாருங்க, நன்றி எனக்கில்ல. என்னைக் குடுத்ததுக்கு அவருக்கு. அங்கயும் வந்து பேரைத் தட்டிட்டுப் போயிட்டாரு. சரி, போகட்டும். இதுல என் பிரச்சினை என்னன்னா, அதை இப்ப நான்தான் சொல்லணும். அவ ஸ்பூனோட நிக்கறா. நாய்க்குச் சொல்லியாச்சு, ஜன்னலுக்குச் சொல்லியாச்சு. எனக்கு என் வாயாலயே எப்படிச் சொல்றது? எனக்கு நானே மாலை போட்டுக்கற மாதிரி இல்ல? ஆள் வந்துட்டாங்கன்னு பொய் சொல்லிட்டு இந்தப் பக்கம் ஓடி வந்துட்டேன். வந்து பாத்தா நீங்க வாசல்ல நிக்கறீங்க. யாரு அனுப்பினாங்கன்னு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன்.

அதோ, மறுபடியும் தட்டறா. விட மாட்டா அவ.

மொதல்ல என்ன நெனச்சேன்னா, உங்களையே உள்ள கூட்டிட்டுப் போய், அந்த ஒன்னை மட்டும் சொல்லிட்டுப் போங்கன்னு கேக்கலாம்னு. உங்களுக்கு அதான தொழிலு. நுரை போடறப்பகூட அதான் நெனப்பு. ஆனா வேணாம். இதை யாரு சொல்றாங்களோ அவங்களைப் பாத்துத்தான் அவ சிரிப்பா. இப்ப பாதி முகம்தான் சிரிக்கும். அந்தப் பாதியையும் நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன், உங்களுக்குக்கூட.

நானே போய்ச் சொல்றேன். எப்படி ஆரம்பிக்கணும்னு மட்டும் சொல்லிக்குடுங்க, அவரு பேரோட சேத்து. இப்ப வாயத் தெறக்கலாம் பாஸ்டர், கத்தியக் கீழ வெச்சுட்டேன்.